படகு வாங்கியாச்சு, நாளைக்கே இறங்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மனைவியின் தம்பி துபாயில் ஏழு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுப் போன மாதம் ஊருக்கு வந்தான். வந்த பத்தாம் நாள் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் கரையில் நிறுத்தி, மாலையும் போட்டுவிட்டான். அன்று இரவு ஆரம்பித்தது கேள்வி. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, டீக்கடையில் நேரில், சாப்பிட உட்கார்ந்தால் அங்கேயும். ஒரே கேள்விக்கு நாலு தடவை பதில் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. வெளிநாட்டுக் காசில் படகு வாங்குகிறவர்கள் இப்போது அங்கங்கே இருப்பதால், அவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவனுடையவை. பதில்கள், கரையில் மறந்ததற்கெல்லாம் கடலில் அபராதம் கட்டிய என்னுடையவை.

மச்சான், படகு வாங்கியாச்சு. நாளைக்குக் காலையிலேயே இறங்கலாமா?

முடியாது மாப்ளே. படகு உன் பேருக்கு மாறியிருக்கிறதா? மீன்வளத்துறைப் பதிவு, உனக்கும் கூட வருகிறவர்களுக்கும் மீனவர் அடையாள அட்டை, படகுக்குக் காப்பீடு, இவை முதலில். கடலில் நிறுத்திக் கேட்டால் ‘வீட்டில் இருக்கிறது சார்’ என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய் எடுத்து வரப் பேருந்து கிடையாது. இன்னொன்று, எங்கள் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு (உன் பைபர் படகும் அதில்தான் சேர்த்தி) நான்கு நாள் என்று பிரித்து வைத்திருக்கிறோம். விசைப்படகு இழுக்கிற நாளில் நீ வலை போட்டால், அவர்கள் இழுவலை மடியில் உன் வலையும் சேர்ந்து போய்விடும். அதையும் மனதில் வை.

கடல் இருக்கு, வலை இருக்கு. போட்டால் மீன் வரும். இதில் ஆயத்தம் பண்ண என்ன இருக்கு?

ராமேஸ்வரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் பூவரச மர நிழலில் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ‘மீனவர்களுக்கு நல்ல ஓய்வு’ என்று பேசிக்கொண்டே போவார்கள். எங்கள் கையில் வலை ஊசி இருக்கும், காலடியில் கிழிந்த வலை இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்? கடலில் எட்டு மணி நேரம் இருந்தால், அதற்காகக் கரையில் அதே எட்டு மணி நேரமாவது உட்கார்ந்திருப்போம். கடலில் நடப்பது பரீட்சை. அங்கே போய்ப் புத்தகத்தைத் திறக்க முடியாது.

தக்கை என்றால் என்ன? அந்தப் பேச்சை எடுத்தாலே ஏன் எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

பைபர் படகின் பின்பக்க அடியில் சின்னத் துவாரம் இருக்கும். படகைக் கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்கு. அதை அடைக்கிற சமாச்சாரம்தான் தக்கை. கட்டைவிரல் பருமன், விலை ஒரு டீயும் வடையும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழை இரவில், படகில் தண்ணீர் தேங்கிவிடும் என்று தக்கையைக் கழற்றினேன். தொலைந்துவிடக் கூடாதே என்று வீட்டு ஜன்னல் திட்டில் பத்திரமாக வைத்தேன். காலை மூன்று மணி. பக்கத்துப் படகுகள் கிளம்பிவிட்டன. நானும் இரண்டு பையன்களும் அவசர அவசரமாகத் தள்ளி இறக்கினோம். ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வலை போட என்ஜினை நிறுத்திய பிறகுதான் கால் நனைந்தது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பையன்களைத் திட்டினேன். “எவன்டா குடிதண்ணிக் கேனைக் கவிழ்த்தது?” ஒருவன் குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தான். “அண்ணே, உப்புக் கரிக்குது.”

பிறகு நடந்ததை அவன் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறான். துவாரத்தின் மேல் அவன் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். இன்னொருவன் சோற்றுச் சட்டியால் தண்ணீரை இறைத்தான். நான் என்ஜினை முடுக்கிக் கரைக்குத் திரும்பினேன். கரையில் அன்றைக்கென்று ஏலத்துக்கு ஏகக் கூட்டம். ‘என்ன மீன் மாட்டுச்சு?’ என்று கேட்டார்கள். ‘குதிகால்’ என்றான் பாவிப்பயல்.

அன்றிலிருந்து நான் வாசலைத் தாண்டினால் என் மனைவி ‘போயிட்டு வாங்க’ என்று சொல்வதில்லை. ‘தக்கை?’ என்பாள். ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறப் போனாலும் அதே கேள்விதான்.

வலையை அள்ளிப் படகில் போட்டுக்கொண்டு போனால் போதாதா?

போதாது. வலைக்கு மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் ஈயக்குண்டு. மிதவை ஒரு பக்கமும் குண்டு மறுபக்கமுமாக, புடவைக் கொசுவம் வைப்பதுபோல மடித்து மடித்து ஏற்ற வேண்டும். கடலில் முதலில் இறங்க வேண்டிய தலைப்பு மேலே இருக்க வேண்டும். அப்படியென்றால் கரையில் கடைசியாக ஏற்றுவதுதான் கடலில் முதலில் இறங்கும். கடைசியை நினைத்துத்தான் முதலை மடிக்க வேண்டும்.

நீ போன வாரம் ‘ஒத்திகை’ என்று சொல்லி ஏற்றினாயே, அதில் குண்டு வலைக்கண்ணுக்குள் நுழைந்து மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கடலில் விட்டிருந்தால் வலையாக விரிந்திருக்காது, தடித்த கயிறாக இறங்கியிருக்கும். நண்டுகள் சுற்றி வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கும். சிக்கெடுக்க நானும் உன் அக்காவும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். தங்கூசி என்கிற நைலான் நரம்பு வலைச் சிக்கு, இழுத்தால் இறுகும். ஒரு கண்ணைத் தளர்த்தி, அடுத்த கண்ணை அதற்குள் விட்டு, மறுபடி ஒரு கண். உன் அக்கா அந்த மூன்று மணி நேரமும் உன்னைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது.

கிழிசலையும் கரையிலேயே பார்த்துவிடு. விரித்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினால் ஓட்டை தெரியும். பார்க்காமல் விட்ட ஓட்டையை மீன் கண்டுபிடித்துவிடும். அதற்கு நம்மைவிட அக்கறை அதிகம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே?

சொன்னவர் களத்தில் நெல்லோடு நின்றிருப்பார். கடற்கரையில் நின்றிருந்தால் ‘காற்றுள்ளபோது கரையில் உட்கார்ந்துகொள்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

நமக்கு ஒரு வசதி உண்டு. நம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். பெண் கடல் அடக்கமாம், ஆண் கடல் ஆர்ப்பாட்டமாம். இதை என் மனைவி ஒத்துக்கொள்வதில்லை, நானும் அவள் எதிரில் சொல்வதில்லை. வருடம் முழுக்க அது உண்மையும் இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்தால் அந்த அடக்கமான பெண் கடல் படகைத் தூக்கிக் கரையில் போடும். அப்போது தென்கடல்தான் தொழிலுக்கு ஏற்றது. காற்றுக்குத் தகுந்தபடி படகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. வடகடல் ஆழமில்லாதது, பெரும்பாலும் 10 மீட்டரைச் சுற்றித்தான். ஆழமில்லையே என்று அலட்சியம் வேண்டாம். ஆழமில்லாத கடலில்தான் அலை குட்டையாக, அடுத்தடுத்து, மூச்சு விடாமல் அடிக்கும்.

பாம்பனில் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம்? ஒன்றாம் எண்தானே, போகலாமா?

புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. ஒன்று என்றால் தூரத்தில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே ஆபத்து வரலாம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் ஆபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போனது. அதாவது சொல்வதற்கு ஆள் இல்லை.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலை, ஊருக்குப் பக்கத்தில் அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரும் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூண்டு எண்ணைப் பற்றித் தமாஷ் பேசினால் அடிக்க வருவார்கள். நானும் இந்தப் பதிலில் தமாஷ் செய்யப்போவதில்லை. கூண்டு ஏறினால் படகை மேலே இழுத்துக் கட்டு.

செல்போனில் வானிலை காட்டுகிறதே, அது போதாதா?

சூரியன் படம் போட்டு ‘தெளிவான வானம்’ என்று காட்டும் செயலி, வெயில் பார்க்கத்தான். நமக்கு வேண்டியது காற்றின் வேகமும் திசையும் அலையின் உயரமும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கென்றே கடல் நிலவரம் தருகிறது. பாம்பனில் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இருக்கிறது, 90.4-இல் கேட்கலாம். அதோடு, கரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவரையும் கேள். மூன்றும் ஒரே பதில் சொன்னால் போ. கிழவர் மட்டும் மாற்றிச் சொன்னால் கிழவர் பேச்சைக் கேள்.

எரிபொருள் எவ்வளவு எடுக்க வேண்டும்?

போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்று எதிர்த்தால் ஒரு பங்கு. பங்க் காரரிடம் பேரம் பேசி மூன்றாவது பங்கைக் குறைத்தவர்களை நாங்கள் அடிக்கடி கயிறு கட்டி இழுத்து வருகிறோம். இழுத்து வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடுவோம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

என்ஜின் நன்றாக ஓடுகிறது. டூல் பெட்டி எதற்கு, எடை தானே?

ஏ.சி. மெக்கானிக் கேட்கிற கேள்வியா இது? வேலைக்குப் போகும்போது ஸ்குரூடிரைவர் இல்லாமல் போயிருக்கிறாயா?

உப்புக் காற்றில் எதுவும் நேற்றுப்போல இன்று இருக்காது. உதிரிப் பிளக், பிளக் ஸ்பேனர், எரிபொருள் வடிகட்டி, இழுக்கிற கயிறு, பிளேடு, டார்ச், இவ்வளவும் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருமுறை என்னிடம் புது பிளக் இரண்டு இருந்தது, ஸ்பேனர் வீட்டில் இருந்தது. பழைய பிளக் இறுகி உட்கார்ந்து என்னைப் பார்த்தது, புதியது கையில் இருந்து பார்த்தது. நடுவில் நான் ஒரு மத்தியானம் முழுக்க மிதந்தேன். ஆகவே பொருளை மட்டும் எண்ணாதே. கரையிலேயே ஒருமுறை பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார். அதற்கு எதெதெல்லாம் கை கேட்கிறதோ அதெல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

எரிபொருள் கேனின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார். இதை மறந்தவர்கள் கடலில் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். கழற்றிய சின்னத் திருகு கடலுக்குள் விழும். அது எப்போதும் கடலுக்குள்தான் விழும், படகுக்குள் விழாது.

ஜி.பி.எஸ். இருக்கிறது. எல்லை தாண்டிவிடுவேன் என்ற பயம் எதற்கு?

1974-இலும் 1976-இலும் இரண்டு நாடுகள் கையெழுத்துப் போட்ட கோடு. தண்ணீரில் யாரும் சுண்ணாம்பு அடித்து வைக்கவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கே சுமார் 30 கி.மீ. தான், எல்லை அதற்குள்ளேயே வந்துவிடும். ராத்திரி நீரோட்டத்தில் இழுபட்டால், நீ தூங்கி எழும்போது வேறு நாட்டில் எழுந்திருப்பாய். நீ ஏழு வருடம் விசாவோடு போனவன், விசா இல்லாமல் போக ஆசைப்படாதே. ஜி.பி.எஸ். பேட்டரியை முந்தின நாளே சார்ஜ் போடு. எல்லையைக் கருவியில் பதிந்துவை. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இந்த இரண்டு எண்களையும் செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, படகின் பக்கப் பலகையில் பெயின்டால் எழுது. செல்போன் நனையும், பலகை நனைந்தாலும் படிக்கலாம்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் வேர்க்கிறது.

வேர்க்கட்டும். தலையணையாக வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. விழுகிற நேரத்தில் தலையணை எடுக்க வராது.

கத்தி எதற்கு? மீன் வெட்டவா?

வலை அறுக்க. கடல் பசு என்கிறார்களே, நம் ஊரில் ஆவுளியா. அதுவோ ஆமையோ வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும், மேலே வந்து காற்று வாங்குகிற ஜீவன்கள் அவை. சிக்கெடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அறுத்து விட்டுவிட வேண்டும். கடல் அட்டை கிடைத்தாலும் திரும்பப் போடு. 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், காசு ஆசைப்பட்டால் ஜெயில். தென்கடலில் வரிசையாக இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. களைப்பாறலாம் என்று இறங்கிவிடாதே. எதைப் பிடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் ஆயத்தம்தான். துருப்பிடித்த கத்தி கத்தியில் சேர்த்தி இல்லை.

சாப்பாடு?

பழைய சோறு, வெங்காயம், சுட்ட கருவாடு. குடிதண்ணீர் நினைப்பதைப்போல இரண்டு மடங்கு. சமைப்பதாக இருந்தால் தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடு. அரிசி, மிளகாய், புளி, சட்டி, அப்போதுதான் பிடித்த மீன் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நனைந்த தீப்பெட்டியை வெயிலில் காயப்போட்டுக் காத்திருந்திருக்கிறோம். அன்று என்ன மீன் என்பது மறந்துவிட்டது. பசி மறக்கவில்லை.

ஐஸ்?

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ. மீன் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்று நினைத்தால், ஐஸ் கடை கரையில் இருக்கிறது.

எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறேன், அந்தோணியார் படமும் ஒட்டியாச்சு. இதெல்லாம் காப்பாற்றாதா?

காப்பாற்றும். ஆனால் தக்கை போடுகிற வேலையைப் புனிதர் தலையில் கட்டுவது மரியாதை இல்லை.

உண்மையைச் சொல்லுங்கள், இவ்வளவும் யாராவது செய்கிறார்களா?

உன் அம்மாவைப் பார்த்ததில்லையா?

என் மாமியார் தென்கடலில் பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டியிருக்கும், மூழ்கிப் பிய்க்க வேண்டும், பாறை பிளேடுபோல இருக்கும். விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து, பழைய சேலையைக் கிழித்த துணிக்கீற்றுகளை மடியில் வைத்துக்கொள்வார். கட்டைவிரலில் ஆரம்பிப்பார். நுனியில் இரண்டு சுற்று, கணுவில் இறுக்கம் குறைத்து ஒரு சுற்று, விரலை மடக்கிப் பார்த்து, பிறகு பல்லால் கடித்து முடிச்சு. மடங்கவில்லை என்றால் அவிழ்த்து மறுபடியும். பிறகு அடுத்த விரல். கண்ணாடியைத் துடைத்து, பட்டையை இழுத்துப் பார்த்து, தலையில் மாட்டிக்கொண்டால்தான் எழுந்திருப்பார். நான் மாப்பிள்ளையாக வந்த புதிதில், பொழுது போகாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எதுக்கு அத்தை இவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“பத்து விரல் இருக்குல்ல, மாப்பிள்ளை” என்றார்.

இப்படியே ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தால் கடலுக்கே போக முடியாதே?

நியாயமான கேள்வி. எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தப்பா இருந்தார். படகுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். பிறகு நீலம் நன்றாக இருக்கும் என்று நீலம் அடித்தார். வலை வாங்கினார், கண் அளவு சரியில்லை என்று மாற்றினார். நல்ல நாள் பார்த்தார். நல்ல நாளில் காற்று சரியில்லை, காற்று சரியான நாளில் அஷ்டமி. நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் இல்லை என்று தெரிந்தும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கிற 61 நாளும் ‘ஊரோடு ஒத்துப் போகணும்’ என்று அவரும் நிறுத்தினார். அந்தப் படகில் ஒரு கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. உப்புத் தண்ணீர் படாமலே விற்றுப்போன படகு அந்தக் கரையில் அது ஒன்றுதான். வாங்கியவர் ‘புதுப் படகுபோலவே இருக்கு’ என்று சந்தோஷப்பட்டார்.

அதனால் ஆயத்தத்துக்கு ஒரு மணி வைத்துக்கொள். என் கணக்கு ராத்திரி எட்டு மணி. அதற்குள் வலை, எரிபொருள், டூல், தண்ணீர் எல்லாம் படகில் ஏறிவிட வேண்டும். எட்டுக்குப் பிறகு புதிதாக எதையும் யோசிக்காமல் படுத்துவிடுவேன். காலை மூன்று மணிக்கு எழுகிறவனுக்கு உடம்புதான் எழும், மூளை ஐந்து மணிக்குத்தான் வரும். அந்த இரண்டு மணி நேரத்தில் மூளைக்கு எந்த வேலையும் வைக்கக் கூடாது.

எல்லாம் முடிஞ்சது மச்சான். இப்போ கிளம்பலாமா?

இதை அவன் கேட்டது போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு. போய்ப் பார்த்தேன். வலை கொசுவம் வைத்த மாதிரி இருந்தது. பிளக் ஸ்பேனரைப் பெட்டியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தான். 1554-ஐ எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தான் என்றால், இலங்கையிலிருந்தே படிக்கலாம். தக்கை மட்டும் மூன்று: ஒன்று துவாரத்தில், ஒன்று டூல் பெட்டியில், ஒன்று கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில். எனக்கே கண் கலங்கிவிட்டது.

“காலையில மூணு மணிக்கு வந்துடுறேன்” என்றான்.

காலையில் சனிக்கிழமை. ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்றால் உன் அக்கா சோறு போடமாட்டாள். திங்கள் மறுபடி அவர்கள் நாள். செவ்வாய்க்கிழமை வா மாப்ளே. அதுவரைக்கும் அந்தத் தக்கையைக் கழுத்திலேயே போட்டுக்கொள். பத்திரமான இடம் எதிலும் வைத்துவிடாதே.